நாலு இஞ்ச் வார்த்தை

வீரையாவின் ரெக்கார்டிங் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவன் பாட்டைப் போட்டால் இந்தப் பக்கம் என் ஊசிப் பெட்டி குதிக்கும். ஒரே பாட்டை எட்டுப் பேருக்கு எட்டு கேசட்டில் ஏற்றுவான். எட்டுத் தடவையும் நானும் கேட்டாக வேண்டும். "ஏம்ப்பா, ஒனக்குக் காது இருக்கா, இல்ல அதயும் யாருக்காச்சும் குடுத்துட்டியா?" என்று தடுப்பைத் தட்டுவேன். "காது இருக்கப் போயித்தாண்ணே கஞ்சி குடிக்கிறேன்" என்று அங்கிருந்து சிரிப்பான். நான் சிடுமூஞ்சி, அவன் சிரித்த முகம். போடியில் எங்கள் இரண்டு கடையும் பதினோரு வருசம் பக்கத்தில் பக்கத்தில் பிழைத்தது அப்படித்தான்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் என்றால் மைக் செட் கட்டப் போவான். மற்ற நாளில், ஜனங்கள் தாளில் எழுதிக் கொண்டுவரும் பாட்டுகளை கேசட்டில் பதிந்து கொடுப்பான். இதை ஊருக்குள் நாலு பேர் செய்தார்கள். ஆனால் வீரையாவிடம் மட்டும்தான் பெரிய ஸ்பூல் மிஷின் இருந்தது. மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது வாங்கி, வைக்கோல் சுற்றி ஜீப்பில் இறக்கியது. இரண்டு சக்கரம், நடுவே காப்பித்தூள் நிறத்தில் நாடா. அந்த நாடாவைச் சவரப் பிளேடால் வெட்டலாம், ஒட்டலாம். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பன் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்துச் சம்பந்தியை வைததை, அப்படியே வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாயனத்தை ஒட்டிக் கொடுத்தான். கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்தச் சித்தப்பனே வந்து கேட்டுவிட்டு, "நான் ஒண்ணுமே பேசலையே, எல்லாரும் அநியாயமாச் சொல்றாங்க" என்று சொல்லிப் போனான்.

அப்பேர்ப்பட்ட கைக்காரன். அந்தக் கைதான் கடைசியில் அவனை அடித்தது.

வீரையாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்கா, சுந்தரம்மாள். சிலமலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருசன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் மாயக்காள், பத்தொன்பது வயசு. தாயும் மகளும் மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துத்தான் ஜீவனம். விடிவதற்கு முன்னால் ஜீப் வந்து மந்தையில் நின்று ஆரன் அடிக்கும். எட்டுப் பேர் உட்காருகிற வண்டியில் இருபது பேர் ஏறுவார்கள். போடிமெட்டு தாண்டி ஏலக்காட்டில் இறங்கினால் நாள் முழுக்க மழைத் தூறல். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு, தூருக்குத் தூர் குனிந்து தரையோடு கிடக்கும் காயைப் பழுத்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர் தடவுவார்கள், அப்படியும் ஏறும். சாயங்காலம் இறங்கி வரும்போது விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். மாயக்காள் பதினாலு வயசிலிருந்து போனவள். மழை மாசத்தில் அவளுக்கு இருமல் நிற்கவே நிற்காது.

"மாமா, கீழ ஏதாச்சும் சோலி பாத்துக் குடுங்க" என்று அவள் வீரையாவைக் கேட்டிருந்தாள். போடியில் ஏலக்காய் ஸ்டோர்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைத் தரம் பிரிப்பார்களே, அந்த வேலை. நிழல் வேலை, நனைய வேண்டாம். வீரையாவின் பெண்டாட்டி கருத்தம்மாளே அங்கேதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. "தீவாளி கழியட்டும் ஆத்தா, சொல்லிருவோம்" என்றான் வீரையா. எனக்குத் தெரிய இரண்டு தீபாவளி கழிந்தது. அவன் கெட்டவன் இல்லை, மறதிக்காரன், அவ்வளவுதான். அதைச் சொல்லித்தான் நானும் அவனைத் தேற்றினேன், அவன் தேறவில்லை.

எண்பத்தாறாம் வருசம் ஐப்பசி மாசம். சுந்தரம்மாளுக்குக் காய்ச்சல், மகள் மட்டும் போனாள். மலையில் மூடுபனி, ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. கொண்டை ஊசி வளைவில் ஜீப் சறுக்கிப் பள்ளத்தில் போய்விட்டது. நாலு பேர் செத்தார்கள். மாயக்காள் அதில் ஒருத்தி.

அவளை எடுத்து எட்டாம் நாள் சுந்தரம்மாள் கடைக்கு வந்தாள். அடைமழை. முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, வீரையாவின் கடைக்குள் போய் நின்றாள். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். எனக்கு அவளை முப்பது வருசமாகத் தெரியும். இழவு வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இப்போதும் கண் காய்ந்துதான் இருந்தது.

"தம்பி, எம் மக பேசுனது ஓங்கிட்ட இருக்குல்ல?"

"இருக்குக்கா. அங்கிட்டும் இங்கிட்டுமாக் கொஞ்சம் கெடக்கும். மொதல்ல ஒக்காரு. காப்பி வாங்கியாரேன்."

"காப்பி கெடக்கட்டும். எங்க மூத்தவரு ஒண்ணு சொல்றாரு." அவள் புருசனின் அண்ணன் ராக்கையாவைத்தான் சொன்னாள்; பெயரை வாயால் சொல்லமாட்டாள். "பதினாறாம் நாளு அவளக் கன்னியா வச்சுக் கும்புடணுமாம். புதுப் பொட்டியில பாவாட தாவணி எடுத்து வச்சு, வெளக்கேத்திக் கூப்புட்டா வீட்டுக்கு வந்துருவாளாம். கூடவே இருந்து காப்பாளாம்."

"நல்லதுதானக்கா? பொட்டி, துணி எல்லாம் நான் எடுத்தாறேன்."

"எல்லாஞ் சரி. அவ எப்பிடி வருவா? சொல்லலையே."

"என்னத்தச் சொல்லல?"

"வர்றேன்னு சொல்லல. போறேன்னு சொல்லிட்டுல்ல போனா."

எங்கள் பக்கம் வாசல்படி தாண்டுகிறவர்கள் யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும், கொல்லைக்குப் போனாலும், 'போயிட்டு வர்றேன்'தான். பிள்ளை மறந்து 'போறேன்' என்று சொல்லிவிட்டால், தாய் நிற்க வைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுவாள். சொன்ன பிறகுதான் படி இறங்க விடுவாள். இழவு வீட்டில் மட்டும் இதற்கு நேர் மாறு. அங்கிருந்து கிளம்பும்போது 'வர்றேன்' என்று வாயெடுக்கக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும்.

சுந்தரம்மாள் நின்றபடியே சொன்னாள். "எனக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. மொளகுத் தண்ணி வச்சுத் தலமாட்டுல வச்சா. பழைய சோத்தையும் கருவாட்டையும் தூக்குவாளியில எடுத்துக்கிட்டா. அந்த ஜீப் டிரைவர் அமாவாசப் பய ஆரன்ல கைய வச்சா எடுக்க மாட்டேங்குறான். 'ஆத்தா, போறேன்'னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. 'ஏண்டி, என்ன பேச்சுடி இது, போயிட்டு வர்றேன்னு சொல்லுடி'ன்னு படுத்த வாக்குல கத்துறேன். செருப்புச் சத்தந்தான் கேக்குது. ஓடிட்டா."

"ஜீப்புல ஏறிச் சொல்லிருப்பாக்கா. ஆரன் சத்தத்துல ஒனக்குக் கேட்டுருக்காது."

"எனக்குக் கேக்கலையே தம்பி. எனக்குல்ல கேக்கணும்?" அவள் அந்த ஸ்பூல் மிஷினைக் கையால் தொட்டாள். "நீதான் பேச்ச வெட்டி ஒட்டுறவனாச்சே. அவ பேசுனதுல இருந்து எடுத்து ஒட்டி, 'ஆத்தா, போயிட்டு வர்றேன்'னு சொல்ல வச்சுரு. பதினாறாம் நாளு பொட்டி முன்னால அதப் போட்டுருவோம். சொல்லிட்டான்னா வந்துருவா. எம் மக சொன்ன சொல்லத் தப்பமாட்டா."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏத்தா, மிஷின்ல ஒட்டுனா அது அவ சொன்னதாயிருமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "டெய்லரே, நீங்க கையத் தனியா வெட்டுறீக, கழுத்தத் தனியா வெட்டுறீக. ஒட்டித் தச்சுட்டுச் சட்டைன்னுதான குடுக்குறீக? நாங்களும் சட்டைன்னுதான வாங்கிப் போட்டுக்கிறோம்?"

வீரையா தலையைக் குனிந்துகொண்டு, "செஞ்சு தர்றேன்க்கா" என்றான். அவள் மறுபடி மழையில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். சொல்லாமல்தான் போனாள்.

மறுநாளிலிருந்து பாட்டு நின்றது. கேசட் கேட்டு வந்தவர்களை எல்லாம் அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு வீரையா பழைய கேசட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டான். பலகை வழியாக எனக்கும் கேட்டது. கண்டவர்கள் குரல், மேளச் சத்தம், சாப்பாட்டுப் பந்தியில் இலை கேட்கிற கூச்சல். நடுவில் எப்போதாவது அந்தப் பிள்ளையின் குரல் வரும். வந்ததும் நிறுத்துவான். என் தையல் மிஷினும் நின்றுவிடும்.

மொத்தம் மூன்று இடத்தில் இருந்தாள். சிலமலைக் கோயில் பொங்கலுக்கு இவன் மைக் செட் கட்டியபோது, மைக்கைப் பிடுங்கி, "ஆத்தா! ஏ ஆத்தா! கேக்குதா?" என்று கூப்பிட்டிருக்கிறாள். பின்னால் உறுமிச் சத்தம். இன்னொன்று, கடையில் புது டேப்ரிக்கார்டரைச் சோதித்த அன்றைக்குப் பதிந்தது. "விடியக்காலம் போயிட்டு இருட்டுனப்பறம் எறங்குறோம் மாமா. எங்க ஊரு வெயிலப் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு இருமுகிறாள். மூன்றாவது, அதே நாளில் இவன் அவளை ஒரு பாட்டுப் பாடச் சொல்ல, "ஐயோ, நான் வரமாட்டேன் மாமா, வெக்கமா இருக்கு."

'ஆத்தா' கிடைத்தது. 'போயிட்டு' கிடைத்தது. 'வர்றேன்' இல்லை. இருந்ததெல்லாம் 'வரமாட்டேன்' ஒன்றுதான்.

"அண்ணே, ஒங்க வெள்ளப் பென்சிலக் கொண்டாங்க" என்று கூப்பிட்டான். துணியில் குறி போடுகிற பென்சிலைக் கொண்டுபோனேன். கேசட்டில் இருந்ததை ஸ்பூல் நாடாவில் ஏற்றியிருந்தான். சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டினான். அந்தப் பிள்ளையின் குரல் மாடு முனகுவது போல வந்தது. சொல் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு, முடிகிற இடத்தில் ஒரு கோடு. பிறகு பிளேடைப் பாதியாக ஒடித்து, நாடாவைச் சாய்வாக வெட்டினான். நேராக வெட்டினால் ஒட்டுப் போட்ட இடத்தில் 'டக்' என்று கேட்குமாம். நானும் பட்டித் துணியைச் சாய்வாகத்தான் வெட்டுவேன், அது எனக்குப் புரிந்தது.

ஒவ்வொரு துண்டையும் மேசையில் அடுக்கினான். என் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, சும்மா ஒரு பைத்தியக்காரத்தனம், நான் அளந்து பார்த்தேன். 'போயிட்டு' சரியாக நாலு இஞ்ச் இருந்தது. ஒரு உயிர் போய்விட்டது, அதன் வாயில் இருந்த சொல் நாலு இஞ்ச் நாடாவாக என் விரலில் தொங்குகிறது. கீழே வைத்துவிட்டேன்.

'வரமாட்டேன்' என்பதில் 'வர'வை மட்டும் வெட்டினான். 'எறங்குறோம்' என்று அவள் சொன்னதில் 'றோ'வை எடுத்தான். அதைக் குறுக்கினான், 'மாட்டேன்'இல் இருந்த 'ஏன்'ஐ ஒட்டினான். விரல் நக அகலத் துண்டுகள். போட்டுக் கேட்டால் விக்கல் எடுக்கிற மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது. மனுசப் பேச்சாகவே இல்லை. பதிமூன்று தடவை வெட்டி ஒட்டினான். விரலெல்லாம் பிளேடுக் கீறல்.

"விட்ருப்பா. இதப் போட்டா பயந்துருவா அந்தப் பொம்பள" என்றேன்.

"ரெண்டு தீவாளிண்ணே. ரெண்டு தீவாளி கழிஞ்சுபோச்சு" என்றான். பிளேடை மறுபடி கையில் எடுத்தான்.

பதினாலாம் நாள் அவன் தன் மகள் சோலையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். சோலையம்மாள் என்று பெயர், எல்லோருக்கும் சோலை. மாயக்காளுக்கு ஒரு வயசு இளையவள். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே குரல். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து, "டெய்லர் மாமா, ஊசி இருக்கா?" என்று ஒருத்தி கேட்டால், எவள் கேட்டாள் என்று நான் எத்தனையோ தடவை ஏமாந்திருக்கிறேன். இவன் என்ன செய்யப்போகிறான் என்று அப்போதே விளங்கிவிட்டது.

பின்னாலேயே கருத்தம்மாள் வந்தாள். ஸ்டோரிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்திருந்தாள். சேலையெல்லாம் ஏலக்காய் வாசம்.

"ஓமக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? செத்தவ வாயில எம் மக பேச்ச வைக்கப் போறீரா?"

"ஒரே ஒரு சொல்லு கருத்து."

"என்ன சொல்லு? வர்றேன்னு சொல்லணும். யாருக்குச் சொல்லணும்? செத்தவ பொட்டிக்கு முன்னால ஒக்காந்து எம் மக வர்றேன்னு சொல்லணுமா? ஒத்தப் பிள்ளைய்யா!" அவள் என்னைப் பார்த்தாள். "டெய்லரண்ணே, நீங்க பெரிய மனுசந்தான? சொல்லக் கூடாதா?"

வாய் ஓயாத நான் அன்றைக்கு இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவள் பயம் நியாயம். அவன் தவிப்பும் நியாயம்.

"எங்கக்கா மகளுக்கு நான் ஒண்ணுமே செய்யலடி" என்று வீரையா சத்தம் போட்டு அழுதுவிட்டான். "ஒன்னய ஒரு வார்த்த ஸ்டோர்ல கேக்கச் சொல்லிருந்தா அவ உசுரோட இருப்பா. வாயத் தொறக்காம இருந்துட்டேன். இந்த ஒரு சொல்லாச்சும் நான் குடுக்க வேணாமா?"

சோலைதான், "சொல்றேம்ப்பா. எங்குட்டுப் பாத்துச் சொல்லணும்?" என்றாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரத்தில் விழுகிற சத்தம் மைக்கில் ஏறும் என்று காத்திருந்தோம். மழை விட்டதும் பஸ் ஆரன். அது ஓய்ந்ததும் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும், பழைய பதிவில் பின்னால் மின்விசிறிச் சத்தம் இருக்கிறது என்று அந்தக் குளிரில் மின்விசிறியைப் போட்டான். சோலை மைக் முன்னால் உட்கார்ந்து 'வர்றேன்' என்றாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் சொல்லுகிற மாதிரி இருந்தது. மறுபடி. ரொம்பச் சத்தம். மறுபடி. மெதுவாகப் போய்விட்டது. மறுபடி சொல்லுகையில் அவளுக்கு அழுகை வந்து தொண்டை கட்டியது. அந்த 'வர்றேன்' கரகரத்து, மாயக்காள் பேசுகிற மாதிரியே விழுந்தது. வீரையா தலையை ஆட்டி மிஷினை நிறுத்தினான். கருத்தம்மாள் அந்தப் பிள்ளையின் தலையைச் சுற்றி நெட்டி முறித்து, கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்தான். 'ஆத்தா'வுக்குப் பின்னால் இருந்த உறுமிச் சத்தம் பட்டென்று அறுந்துபோகாமல், கேசட்டில் மாற்றும்போது சத்தத்தைக் குறைக்கும் குமிழைத் திருகித் திருகி இறக்கினான். போட்டுக் காட்டினான். ஆத்தா, போயிட்டு வர்றேன். ஒட்டு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. வெட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றவன், எனக்கே தெரியவில்லை. "நல்லாருக்காண்ணே?" என்றான். "நல்லாருக்குப்பா" என்றேன். அது பொய் இல்லை.

பதினாறாம் நாள் சிலமலைக்கு நானும் போனேன். கன்னிக்கு வைக்கிற பாவாடையும் ரவிக்கையும் நான்தான் தைத்தது. அந்த வீட்டில் காலையிலிருந்தே அடுப்பு எரிந்தது. மொச்சைக் குழம்பும், அவளுக்குப் பிடித்த கேப்பை அடையும் இலையில் வைத்திருந்தார்கள். ராக்கையா புதுத் தகரப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, துணியை மடித்து உள்ளே வைத்து, விளக்கை ஏற்றினார். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சோலையைத் தன் முந்தானைக்குள் பிடித்து வைத்தபடி கருத்தம்மாள் கடைசியில் இருந்தாள். சுந்தரம்மாள் பெட்டிக்கு நேர் எதிரே. பதினாறு நாளில் பாதியாகிவிட்டாள்.

"கூப்புடு ஆத்தா. மனசாரக் கூப்புடு" என்றார் ராக்கையா.

"மொதல்ல அவ சொல்லட்டும்" என்றாள் சுந்தரம்மாள்.

வீரையா டேப்ரிக்கார்டரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேசட்டை ஓடவிட்டான். கொஞ்ச நேரம் 'உஸ்' என்று வெறும் ஓட்டம். பிறகு அந்தக் குரல்.

"ஆத்தா... போயிட்டு வர்றேன்."

வீட்டுக்குள் இருந்த பெண்கள் எல்லாம் ஒரே மூச்சாக ஓவென்று கத்திவிட்டார்கள். ராக்கையா கையெடுத்துக் கும்பிட்டார். சுந்தரம்மாள் மட்டும் அசையவில்லை.

"இன்னொருக்கப் போடு தம்பி."

போட்டான்.

"இன்னொருக்க."

மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, கையை நீட்டி மிஷினைத் தானே நிறுத்தினாள். எந்தப் பொத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

"ஆத்தான்னது எம் மக. போயிட்டுன்னதும் எம் மக" என்றாள். சத்தமே இல்லாமல், கணக்குப் பார்க்கிற மாதிரி பேசினாள். "கடைசிச் சொல்லு ஒம் மக."

வீரையா, "அக்கா..." என்றான்.

"இல்லேங்காத. எம் மக நெஞ்சுல அஞ்சு வருசத்து மலைச் சளி கெடக்கு தம்பி. ராவும் பகலும் பக்கத்துல படுத்துக் கேட்டவ நான். அவ மூச்சு விட்டாலே அது கூடச் சேந்து இழுக்கும். இந்தச் சொல்லு அழுது கரகரத்த சொல்லு. இந்தப் பிள்ள ஒருநாளு மழையில நனஞ்சதில்ல."

அடுப்பில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. வீரையா முகத்தைப் பொத்திக்கொண்டு, "தேடுனேங்க்கா. எல்லாத்துலயும் தேடுனேன். அவ அந்தச் சொல்ல எங்கயுஞ் சொல்லலக்கா" என்றான்.

"அதத்தான தம்பி நானும் சொல்றேன்" என்றாள் சுந்தரம்மாள். "அவ சொல்லல."

விளக்கைத் தூண்டிவிட ராக்கையா குனிந்தார். அவள் தடுத்தாள். பெட்டியிலிருந்த பாவாடை தாவணியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "வேணாம். வர்றேன்னு சொல்லாதவளக் கூப்புட்டு என்ன செய்ய? அவளச் சங்கடப்படுத்த வேணாம்" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "அந்தச் சொல்ல வெட்டி எடுத்துரு. வாழப்போற பிள்ள சொல்லு. அத எதுக்கு இங்கிட்டு வச்சுக்கிட்டு?" என்றாள். கருத்தம்மாள் அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு நாளாக மனசில் வைத்திருந்த பயமெல்லாம் அந்த அழுகையில் வந்தது.

சாப்பாடு போட்டார்கள். யார் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. மத்தியானம் கழிந்து ஒவ்வொருவராக எழுந்தோம். இழவு வீட்டு முறைப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியேறினோம். வீரையா இறங்கினான், கருத்தம்மாள் இறங்கினாள். கடைசியாகச் சோலை வாசற்படியில் காலை வைத்தவள், பிறந்ததிலிருந்து பழகிய வாயல்லவா, சின்னப் பிள்ளையிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து போன ஒவ்வொரு தடவையும் சொன்னதல்லவா, திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.

"அத்தே, போயிட்டு வர்றேன்."

முழுசாக, ஒட்டில்லாமல், அதே குரல்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கருத்தம்மாள் 'அடியே' என்று பதறி ஓடி வந்தாள். உள்ளே பெட்டி முன்னால் இருந்த சுந்தரம்மாள் எழுந்து வந்தாள். சோலையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பதினாறு நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. வழிந்து கழுத்தில் இறங்கியது.

"வராதடி தாயி" என்றாள். "ஒம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீ நல்லாருக்கணும். ஆனா இந்தக் குரல வச்சுக்கிட்டு இந்த வாசலுக்கு வராத. என்னால கேக்க முடியாது. செத்துருவேன்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீரையா அந்த ஸ்பூல் மிஷினை அதற்குப் பிறகு தொடவில்லை. மதுரையிலிருந்து வந்த ஒருத்தனுக்குத் தள்ளிவிட்டான். அக்காவைப் பார்க்க அவன் மட்டும் சிலமலைக்குப் போய் வந்தான்.

மூன்று வருசம் கழித்துச் சோலைக்குக் கல்யாணம் கூடியது. ஒரே அத்தை, அவளுக்குப் பத்திரிகை வைக்காமல் முடியுமா? தாம்பாளத்தோடு நாலு பேர் போனோம். சோலையும் வந்தாள். சுந்தரம்மாள் பாயை விரித்தாள், எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊர், மண்டபம் எது என்று எல்லாம் விசாரித்தாள். சோலையைப் பார்த்தே கேட்டாள். கருத்தம்மாள்தான் பதில் சொன்னாள். சோலை சிரித்தாள், தலையை ஆட்டினாள், குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கிளம்பும்போது நாங்கள் எல்லோரும் வாய் நிறையச் சொல்லிக்கொண்டோம். அந்தப் பிள்ளை மட்டும் வாசலில் ஒரு நிமிசம் நின்று, அத்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படி இறங்கினாள்.